30 கிராமுக்குக் கீழே

சென்னை அசோக் நகரிலிருந்து நூறடிச் சாலையில் வடக்கே போனால் வடபழனி. மேற்கு மாம்பலம் தாண்டிக் கிழக்கே போனால் தியாகராய நகர். ஒரு பக்கம் முகத்துக்கு வண்ணம் பூசிப் பிழைக்கும் ஊர். இன்னொரு பக்கம் முகத்துக்குப் பூசுவதையெல்லாம் விற்கும் ஊர். நடுவில் இருக்கும் எங்கள் தெருக்களில் இரண்டுக்கும் உரியவர்கள் குடியிருக்கிறார்கள். கூட்டக் காட்சிக்குப் போகும் ஜூனியர் ஆர்ட்டிஸ்டுகள், டச்சப் போடுகிறவர்கள், மொட்டைமாடியில் பரதம் சொல்லிக்கொடுக்கிறவர்கள், முகூர்த்த நாளில் விடிவதற்கு முன்பே பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஆட்டோ பிடிக்கிற மணப்பெண் அலங்காரக்காரர்கள். எல்லோருக்கும் பொதுவான வேலை ஒன்று உண்டு: பூசியதை எடுப்பது. பூசும்போது இருக்கும் கவனத்தில் கால் பங்கு கூட எடுக்கும்போது இருப்பதில்லை. பேக்கப் சொன்னதும் வண்டி பிடிக்க வேண்டும், கச்சேரி முடிந்ததும் பசி, கல்யாணம் முடிந்ததும் தூக்கம். ஆனால் தோல் அந்தக் கடைசிப் பத்து நிமிடத்தை மறப்பதில்லை.

கோடம்பாக்கத்து மேக்கப் அறைகளில் இதற்கு ஆண்டாண்டுக் காலமாகத் தேங்காய் எண்ணெய்தான். உள்ளங்கையில் ஊற்றி முகம் முழுக்கத் தேய்த்து, பழைய வேட்டித் துணியால் வழித்தெடுத்து, பிறகு சோப்பு. காரைக்குடியிலிருந்து ஏவி.எம். ஸ்டுடியோ வடபழனிக்கு வந்தது 1948இல். அந்தத் தலைமுறை நடிகர்களின் முகத்துக்கு ஏறியது பான்கேக். ஹாலிவுட்டில் மேக்ஸ் ஃபேக்டர் 1930களின் பிற்பகுதியில் வண்ணப்படங்களுக்காகச் செய்த சரக்கு அது. டால்க், நிறமி, எண்ணெய், மெழுகு எல்லாம் சேர்த்து வட்டாக அழுத்தி வைத்திருப்பார்கள். ஈரப் பஞ்சால் எடுத்துத் தடவ வேண்டும். அதற்கும் முன்பு கிரீஸ் பெயின்ட் இருந்தது, கொழுப்பில் குழைத்த வண்ணக் குச்சி. 1870களில் பெர்லினில் லைக்னர் என்ற ஓபரா பாடகர் அதை வியாபாரமாக்கினார். இந்த எல்லாவற்றையும் தேங்காய் எண்ணெய் கலைத்துவிடும். வண்ணம் கரைகிறது என்று நாம் நினைக்கிறோம். உண்மையில் வண்ணம் கரைவதே இல்லை. இரும்பு ஆக்சைடும் டைட்டானியம் டைஆக்சைடும் எண்ணெயிலும் கரையாது, தண்ணீரிலும் கரையாது. அவற்றைத் தோலோடு பிடித்துவைத்திருக்கும் மெழுகும் கொழுப்பும்தான் எண்ணெயில் இளகுகின்றன. பிடி விட்டதும் பொடி துணிக்கு வந்துவிடுகிறது.

ஆகவே ஒரு மேக்கப் ரிமூவரின் சேர்மானத்தைப் படிக்க வேண்டுமானால், முதலில் அது எடுக்கப்போகும் மேக்கப்பின் சேர்மானத்தைப் படிக்க வேண்டும். எதில் குழைத்தார்களோ அதில்தான் கலையும்.

தெருக்கூத்தில் இந்த உறவு கண்ணெதிரே நடக்கும். வண்ணப் பொடியைத் தேங்காய் எண்ணெயில் குழைத்துப் பூசுகிறார்கள். விடிந்ததும் அதே எண்ணெயால் கலைக்கிறார்கள். வேஷத்துக்கே பெயராகிவிட்ட அரிதாரம் ஒரு மஞ்சள் கனிமம். ஆர்செனிக்கும் கந்தகமும் சேர்ந்தது. சித்த மருத்துவர்கள் தாளகம் என்பார்கள். கதகளியில் பூசும் மனையோலையும் இந்தக் குடும்பம்தான். மண்ணிலிருந்து தோண்டியெடுத்தது, முழுக்க முழுக்க இயற்கை. இன்றைய இந்திய விதிகளோ அழகுசாதன நிறமியில் ஆர்செனிக் பத்து லட்சத்தில் 2 பங்கைத் தாண்டக் கூடாது என்கின்றன. ‘இயற்கையானது’ என்று பச்சை எழுத்தில் அச்சிட்ட டப்பாக்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அரிதாரம் நினைவுக்கு வரும். இருந்தாலும் கூத்துக்காரரிடம் ஒன்று இருந்தது. தன் முகத்தில் ஏறுவது இன்னது என்று அவருக்குத் தெரியும். பொடியை வாங்கியவரும் அவரே, அரைத்துக் குழைத்தவரும் அவரே. அந்தத் தெளிவு நம்மிடமிருந்து கைநழுவிப் போனதைப் பற்றித்தான் இங்கே எழுத விரும்புகிறேன்.

இப்போது முகத்தில் ஏறுவது பான்கேக் அல்ல. துல்லியமான கேமராக்கள் வந்த பிறகு மெல்லிய, வியர்வைக்கு அசையாத ஃபவுண்டேஷன்கள் வந்தன. அவற்றின் பெட்டிகளில் ஐசோடோடெகேன், டைமெத்திகோன், ட்ரைமெத்தில்சிலாக்ஸிசிலிகேட் என்று இருக்கும். முதலாவது சட்டென ஆவியாகும் எண்ணெய்; அது பறந்ததும் மற்றவை தோல்மீது சிலிக்கோன் படலமாக இறுகிக்கொள்கின்றன. சென்னை வெயிலில் ஐந்து மணி நேரம் நின்றாலும் வழியாத மணப்பெண் முகத்தின் ரகசியம் அதுதான். இந்தப் படலத்திடம் தேங்காய் எண்ணெய் திணறுகிறது. தேய்க்கத் தேய்க்க வண்ணம் இடம் மாறுகிறதே தவிர வருவதில்லை, தோல் சிவந்துபோகிறது. அதனால்தான் இரண்டு அடுக்காகத் தெரியும் ரிமூவர்கள் வந்தன. மேலே ஐசோஹெக்ஸாடெகேன் போன்ற லேசான எண்ணெய் அல்லது சிலிக்கோன், கீழே உப்பு கலந்த தண்ணீர். குலுக்கி, பிரிவதற்குள் பஞ்சில் எடுத்துக் கண்ணிமையில் வைத்துச் சிறிது நேரம் பொறுக்க வேண்டும். தேய்ப்பது அல்ல, பொறுப்பதுதான் வேலை செய்கிறது. ஹாலிவுட்டில் ஒப்பனைக் கலைஞராக இருந்த ஜப்பானியர் ஷூ உயேமுரா 1967இல் கொண்டுவந்த கிளென்சிங் ஆயில் இன்னொரு வழியைத் திறந்தது. எண்ணெயோடு எண்ணெயையும் நீரையும் இணைக்கும் பொருளையும் சேர்த்துவிட்டால், முகத்தில் தண்ணீர் பட்டதும் அது பாலாகி வழிந்துவிடும்; துணி வேண்டாம். கோடம்பாக்கத்து முறையில் இல்லாமல் இருந்தது அந்த இணைப்புப் பொருள் ஒன்றுதான்.

நடுத்தர வர்க்கத்து வீடுகளில் இந்த வேலையைச் செய்தது கோல்டு கிரீம். தேன்மெழுகு, லிக்விட் பாரஃபின், தண்ணீர், இவற்றை ஒட்டவைக்கக் கொஞ்சம் வெண்காரம். ரோமப் பேரரசின் மருத்துவர் காலன் பெயரில் சொல்லப்படும் பழைய கலவையின் வழித்தோன்றல் அது. அங்கே ஆலிவ் எண்ணெய் இருந்த இடத்தில் இங்கே பாரஃபின். இந்தக் கிரீமுக்குப் பெயர்பெற்ற கம்பெனியின் நினைவில், ஜி.எஸ்.டி. சாலையில் பல்லாவரத்தில் இன்றும் ‘பாண்ட்ஸ்’ என்றே ஒரு நிறுத்தத்தைச் சொல்கிறார்கள். பாரஃபின் பெட்ரோலியத்திலிருந்து வருகிறது என்பதால் இன்று அதைத் தீண்டத்தகாததாக்கிவிட்டார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. நன்றாகச் சுத்திகரித்த பாரஃபின் ஒவ்வாமை தருவது மிக அரிது. தோலுக்குள் புகாமல் மேலேயே நின்று வேலையை முடித்துவிட்டுப் போகும். முகப்பரு வரும் தோலுக்குத் தேங்காய் எண்ணெயைவிட அது பாதுகாப்பு என்று கூடச் சொல்லலாம். க்ளிக்மனும் மில்ஸும் 1972இல் அழகுசாதனங்களால் வரும் பருவைப் பற்றி எழுதியதைத் தொடர்ந்து முயல் காதில் செய்யப்பட்ட சோதனைகளில், துளைகளை அடைக்கும் பொருட்களின் பட்டியலில் தேங்காய் எண்ணெய் மேல்வரிசைக்கு வந்தது. முயல் காது மனித முகம் ஆகாது என்ற ஆட்சேபம் நியாயமானது. ஆனால் ராத்திரி எண்ணெய் தேய்த்துச் சரியாகக் கழுவாமல் தூங்கிய நடனப் பெண்களின் நெற்றியைப் பார்த்தவர்களுக்கு அந்தப் பட்டியல் வியப்பு தராது.

மருந்துக்கடை அலமாரியில் மேக்கப் எடுக்கும் மைசெல்லார் வாட்டர் பாட்டிலை எடுத்துப் பக்கத்தில் தேங்காய் எண்ணெய் பாட்டிலை வைத்துப் பாருங்கள். ஒன்றில் ஒரே பெயர். மற்றதில் பத்துப் பதினைந்து. அந்தப் பதினைந்தைப் பொறுமையாகப் படித்தால் பழைய முகங்கள் தெரியத் தொடங்கும். கோகோஆம்ஃபோடைஅசிடேட், கோகாமிடோபுரொப்பைல் பீட்டைன்: முன்னால் நிற்கும் ‘கோகோ’வும் ‘கோகா’வும் தேங்காய்தான். கேப்ரிலிக், கேப்ரிக் என்று வருபவை தேங்காய் எண்ணெயிலும் பனைவிதை எண்ணெயிலும் இருக்கும் சிறிய கொழுப்பு அமிலங்கள். ஃபேஸ் வாஷில் நுரை தரும் லாரெத் சல்ஃபேட்டின் வேர் லாரிக் அமிலம். தேங்காய் எண்ணெயில் ஏறக்குறைய பாதி அதுவே. மார்கழிக் காலையில் பாட்டிலுக்குள் வெள்ளையாக உறைந்துபோகும் அதே எண்ணெய், ஆலைகளில் பிரிக்கப்பட்டு, ஒரு முனை எண்ணெயைப் பிடித்து மறுமுனை தண்ணீரைப் பிடிக்கும் மூலக்கூறாக மாற்றப்பட்டு, கண்ணாடி மாதிரித் தெளிந்த தண்ணீராகத் திரும்பி வந்திருக்கிறது. அந்த மூலக்கூறுகள் தண்ணீரில் சிறு உருண்டைகளாகக் கூடி நிற்கின்றன. எண்ணெயைக் கண்டால் உள்ளே இழுத்துக்கொள்கின்றன. மைசெல் என்பது அந்த உருண்டை. பிரெஞ்சு நிறுவனமான பயோடெர்மா இந்தத் தண்ணீரை 1990களில் பரப்பியது. இப்போது எல்லோரும் செய்கிறார்கள்.

தேங்காயிலிருந்து வந்தது என்பதால் நல்லது என்று இதற்குப் பொருள் இல்லை. கோகாமிடோபுரொப்பைல் பீட்டைனை அமெரிக்கத் தொடு ஒவ்வாமை மருத்துவர் சங்கம் 2004ஆம் ஆண்டின் முக்கிய ஒவ்வாமைப் பொருளாக அறிவித்தது. குற்றம் பெரும்பாலும் தயாரிப்பில் மிஞ்சிப்போகும் சில மாசுகளுடையது. சுத்தமாகத் தயாரித்தால் பிரச்சினை குறைவு; மலிவாகத் தயாரித்தால் கூடும். இரண்டு பாட்டிலிலும் பெயர் ஒன்றாகவே இருக்கும். சேர்மானப் பட்டியலுக்கு இருக்கும் எல்லை அது. பொருள் எது என்று சொல்லும். எவ்வளவு சுத்தம் என்று சொல்லாது.

பட்டியலின் கடைசிப் பகுதியில் டைசோடியம் ஈ.டி.டி.ஏ. என்று ஒன்று வரும். கால்சியம், இரும்பு போன்ற உலோக அயனிகளைப் பிடித்து முடக்கி வைப்பது அதன் வேலை. எங்கள் பகுதி போர் தண்ணீரைத் தெரிந்தவர்களுக்கு அதன் அருமை புரியும். வாளி ஓரத்தில் வெள்ளைப் படிவம், குழாய் முனையில் உப்புக் கட்டி, எவ்வளவு தேய்த்தாலும் நுரைக்காத சோப்பு. கடினநீரில் சோப்பு கால்சியத்தோடு சேர்ந்து பிசுபிசுப்பான கசடாகித் தோலிலேயே தங்குகிறது. எண்ணெய் தேய்த்து எடுத்த மேக்கப்பை அந்தத் தண்ணீரிலும் சோப்பிலும் கழுவும்போது முகம் இழுப்பது மேக்கப்பால் மட்டும் அல்ல. பயத்தமாவு இந்த இடத்தில்தான் ஜெயிக்கிறது. கடினநீரோடு அதற்குச் சண்டை இல்லை, மாவு எண்ணெயை உறிஞ்சிக்கொண்டு போய்விடும். 2019 கோடையில் ஏரிகள் வற்றி லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு நின்றபோது, கழுவவே வேண்டாம் என்ற மைசெல்லார் பாட்டிலின் வாக்கு எவ்வளவு கவர்ச்சியாக இருந்தது! அந்த வாக்கை நான் முழுதாக நம்புவதில்லை. எண்ணெயைப் பிடிக்கும் பொருள் தோலில் தங்கினால் தோலின் சொந்த எண்ணெயையும் பிடிக்கத்தான் செய்யும். ஒரு குவளைத் தண்ணீர் இருந்தாலும் அலசிவிடுவது மேல்.

பட்டியலைப் படிக்கும் முறையைப் பள்ளியிலேயே சொல்லித்தரலாம், அவ்வளவு எளிது. இந்தியாவில் 2020 டிசம்பரில் அறிவிக்கப்பட்ட அழகுசாதன விதிகளின்படி, 1 சதவீதத்துக்கு மேல் இருப்பவற்றை அதிகமானதிலிருந்து குறைவானதற்கு வரிசையாக எழுத வேண்டும். 1 சதவீதமும் அதற்குக் குறைவாகவும் இருப்பவற்றைக் கடைசியில், எந்த வரிசையிலும் எழுதலாம். இந்தக் கடைசிச் சலுகையில்தான் விளம்பரத்தின் உயிர் இருக்கிறது. எல்லை எங்கே விழுகிறது என்று பட்டியல் சொல்லாது; நாம் கண்டுபிடிக்க வேண்டும். ஃபீனாக்ஸிஎத்தனால் என்ற பதனப் பொருள் உதவிக்கு வரும். அதற்கு அனுமதிக்கப்பட்ட உச்ச அளவே 1 சதவீதம். எனவே அதற்குப் பின்னால் நிற்கும் எதுவும் பெரும்பாலும் 1 சதவீதத்தைத் தாண்டியிருக்க முடியாது. பெட்டியின் முகப்பில் குங்குமப்பூ, சந்தனம், கற்றாழை என்று படம் பெரிதாக இருக்கும். பட்டியலில் அவை ஃபீனாக்ஸிஎத்தனாலுக்குப் பின்னால் வாசனைக்குப் பக்கத்தில் ஒடுங்கி நிற்கும். சில சமயம் அந்த 1 சதவீதக் கூட்டத்தின் தலையில் குங்குமப்பூவை எழுதி, மேலே உள்ளவற்றோடு சேர்ந்தது போலத் தோன்றவைப்பார்கள். விதி அதை அனுமதிக்கிறது. குறைவாக இருப்பதெல்லாம் வேலை செய்யாது என்றும் முடிவுகட்டக் கூடாது. ரெட்டினால் 1 சதவீதத்துக்கு வெகு கீழேயே வேலை செய்யும், வாசனைப் பொருள் அதைவிடக் குறைந்த அளவிலேயே சிலருக்கு அரிப்பைக் கிளப்பும். ஆனால் குங்குமப்பூவுக்கென்று நூற்றைம்பது ரூபாய் கூடுதலாகக் கொடுப்பவருக்கு அது எந்த இடத்தில் நிற்கிறது என்று தெரிய வேண்டாமா? தண்ணீர், கிளிசரின், ஸ்டியரிக் அமிலம், ஒரு நுரைப்பொருள், ஒரு பதனப்பொருள். முதல் ஐந்து பெயர்களை மட்டும் ஒப்பிட்டால், விலையில் பல மடங்கு வித்தியாசமுள்ள பொருட்கள் பலவும் அண்ணன் தம்பிகளாக நிற்பதைக் காணலாம்.

நான் இதையெல்லாம் படித்துப் பார்ப்பவள் என்று தெரிந்து, பக்கத்துத் தெருவில் இருக்கும் ஒரு ஜூனியர் ஆர்ட்டிஸ்ட் பெண் ஒருநாள் ஒரு சிறிய கிரீம் டப்பாவைக் கொண்டுவந்தாள்.

“அக்கா, இதுல என்ன கலந்திருக்குன்னு பாத்துச் சொல்லுங்களேன். மேக்கப் கலைச்சதும் இதப் போட்டா ராத்திரி பூரா எரியுது.”

டப்பாவைத் திருப்பினேன். பெயர், விலை, எடை 15 கிராம், தயாரித்த மாதம். அவ்வளவுதான்.

“வெளியே அட்டைப்பெட்டி இருந்திச்சா?”

“இருந்திச்சுக்கா. அதுலயும் இதேதான் போட்டிருந்தது. பெரிய டப்பா எங்கக்கா வாங்குறது? தீந்துபோனா அடுத்த ஷூட்டிங் பணத்துல வாங்கிக்கலாம்னு சின்னதுதான் வாங்குவோம்.”

எரிகிறது என்கிறாள், நிறுத்தச் சொல்ல மட்டும்தான் என்னால் முடிந்தது. எதனால் எரிகிறது, அடுத்து வாங்கும்போது எதைத் தவிர்க்க வேண்டும் என்று சொல்ல என் கையில் ஒன்றும் இல்லை. பட்டியல் போடாததால் அந்தக் கம்பெனி விதியை மீறியதா? இல்லை. அதே விதியின் அடுத்த வரி சொல்கிறது: திரவமானால் 60 மில்லிக்குக் குறைவான பொட்டலத்திலும், திடமோ குழம்போ ஆனால் 30 கிராமுக்குக் குறைவான பொட்டலத்திலும் சேர்மானப் பட்டியல் இருக்க வேண்டியதில்லை.

இடமில்லை என்பது காரணமாக இருக்கலாம். விளைவை மட்டும் பாருங்கள். கண்ணுக்குள் தீட்டும் மை, உதட்டில் பூசிச் சோற்றோடு விழுங்கும் லிப்ஸ்டிக், குங்குமம், சிறிய ஃபேர்னஸ் கிரீம், ஒற்றை ரூபாய் ஷாம்பூ. உடம்போடு மிக நெருக்கமாக இருப்பவையும், கையில் காசு குறைந்தவர்கள் வாங்குபவையும் பெரும்பாலும் அந்தக் கோட்டுக்குக் கீழே விழுகின்றன. விலை உயர்ந்த சீரம்களும் 30 மில்லி பாட்டிலில்தான் வருகின்றன. ஆனால் அவற்றின் பெட்டியில் பட்டியல் இருக்கும். வெளிநாட்டுச் சந்தைகள் கேட்கின்றன, படித்த வாடிக்கையாளர்கள் கேட்கிறார்கள். கேட்கத் தெரியாதவருக்கு விதிதான் துணை. அந்த விதி சரியாக அவருடைய பொட்டலத்துக்கு மேலே போய் நின்றுவிட்டது.

இது தமிழ்நாட்டில் வலிக்க வேண்டிய விஷயம். சிறிய பொட்டலம் நம் ஊரில் பிறந்த புரட்சி. கடலூரில் சின்னிகிருஷ்ணன், பணக்காரர் பயன்படுத்துவதைக் கூலிக்காரரும் பயன்படுத்த வேண்டும் என்று நினைத்துச் சிறிய சாஷேக்களைக் கொண்டுவந்தார்; அந்த வழியில் வெல்வெட் ஷாம்பூ வந்தது. அவர் மகன் சி.கே. ரங்கநாதன் 1983இல் 15,000 ரூபாயோடு தனியாகத் தொடங்கி சிக் ஷாம்பூவைக் கிராமத்துப் பெட்டிக்கடை வரை கொண்டுபோனார். அது உண்மையான சமத்துவம். அதைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனம் வராது. தலைக்குச் சீயக்காயும் முகத்துக்குக் கடலைமாவும் மட்டுமே வாய்த்தவர்களுக்குத் தேர்வு என்ற ஒன்றை அந்தச் சாஷேக்கள் கொடுத்தன. பொருள் எட்டியது, பொருளைப் பற்றிய தகவல் மட்டும் கூடவே வரவில்லை.

தகவல் வராமல் போனால் என்ன நடக்கும் என்பதற்குக் கேரளத்தில் ஓர் உதாரணம் இருக்கிறது. மலப்புறம் மாவட்டம் கோட்டக்கல்லில் ஒரு மருத்துவமனையின் சிறுநீரக மருத்துவர்கள், 2021 ஜூலையிலிருந்து 2023 செப்டம்பர் வரை வந்த 22 நோயாளிகளைப் பற்றி ‘கிட்னி இன்டர்நேஷனல்’ இதழில் எழுதினார்கள். சிறுநீரில் புரதம் கசியும் ஒருவகைச் சிறுநீரக நோய். அவர்களில் 15 பேருக்கு நெல்-1 என்ற அரிய வகை. அந்த 15 பேரில் 13 பேர் ஃபேர்னஸ் கிரீம் பூசிவந்தவர்கள். கிரீமில் இருந்தது பாதரசம். பூசுவதை நிறுத்தியதும் பெரும்பாலோர் தேறினார்கள். கேரள மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2023இல் கடைகளில் சோதனை நடத்தியபோது, தயாரித்தவர் பெயரோ சேர்மானமோ இல்லாத கிரீம்கள் சிக்கின. இந்திய விதிகள் கண்ணுக்குப் பூசுவன தவிர மற்ற அழகுசாதனங்களில் தற்செயலாகக் கலந்த பாதரசம் கூடப் பத்து லட்சத்தில் 1 பங்கைத் தாண்டக் கூடாது என்கின்றன. சட்டத்தை மீறுகிறவன் எப்படியும் பட்டியலில் பாதரசம் என்று எழுதப்போவதில்லை, பிறகு பட்டியலால் என்ன பயன் என்று கேட்கலாம். பயன் உண்டு. எல்லாச் சிறிய டப்பாவிலும் பட்டியல் இருந்தால், பட்டியல் இல்லாத டப்பா தனித்துத் தெரியும். இன்று நேர்மையான 15 கிராம் டப்பாவும் கள்ள 15 கிராம் டப்பாவும் ஒரே மாதிரி வாய்மூடி நிற்கின்றன.

ஸ்டிக்கர் பொட்டு இன்னொரு பாடம். நெற்றியில் பொட்டு வைத்த இடம் மட்டும் வட்டமாக வெளுத்துப்போன பெண்களை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். பசையில் இருந்த பாரா டெர்ஷரி ப்யூட்டைல் ஃபீனால் என்ற பொருள் தோலின் நிறமிச் செல்களை அழிப்பதைத் தோல் மருத்துவர்கள் பலகாலம் முன்பே எழுதிவிட்டார்கள். பொட்டு அட்டையின் பின்னால் பசையின் சேர்மானம் அச்சிட்டு நான் பார்த்ததில்லை. நடனக் கலைஞர்கள் ஸ்பிரிட் கம்மால் பொட்டையும் நகையையும் ஒட்டி, பிய்த்து, மறுநாள் அதே இடத்தில் மறுபடி ஒட்டுகிறார்கள். எண்ணெய் வைத்து ஊறவிட்டு எடுங்கள் என்று மாணவிகளிடம் சொல்லும் ஆசிரியர்கள் இருக்கிறார்கள். அந்த ஒரு சொல் எத்தனையோ நெற்றிகளைக் காப்பாற்றியிருக்கும்.

பொட்டலத்தின் அளவைப் பற்றி நம் உச்ச நீதிமன்றமே நீண்ட காலம் யோசித்திருக்கிறது, அதுவும் இதே தேங்காய் எண்ணெயை முன்வைத்து. சேலம் மத்திய கலால் ஆணையரும் மதன் ஆக்ரோ என்ற நிறுவனமும் மோதிய வழக்கு. சிறிய பாட்டிலில் விற்கும் தேங்காய் எண்ணெய் சமையலுக்கா, தலைக்கா? தலைக்கு என்றால் அது கூந்தல் தைலம், வரி கூடுதல். 2018இல் இரண்டு நீதிபதிகள் இரண்டு விதமாகச் சொன்னார்கள். 2024 டிசம்பர் 18 அன்று மூன்று நீதிபதிகள் அமர்வு முடித்துவைத்தது: பாட்டில் சிறியது என்பதால் மட்டும் அது கூந்தல் தைலம் ஆகிவிடாது, பெயர்த்தாளும் விற்கும் விதமும் அப்படிச் சொல்ல வேண்டும். வரி என்று வரும்போது, பொட்டலத்தின் அளவு பொருளின் தன்மையை மாற்றாது என்று தெளிவாகப் பார்க்க முடிந்திருக்கிறது. 15 கிராம் டப்பாவில் இருக்கும் கிரீமும் 50 கிராம் டப்பாவில் இருக்கும் அதே கிரீமும் தோலில் ஒரே வேலையைத்தான் செய்கின்றன. ஒன்றில் மட்டும் சேர்மானத்தைச் சொல்லத் தேவையில்லை என்பதற்கு என்ன நியாயம்?

வழிகள் இல்லாமல் இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2009ஆம் ஆண்டு ஒழுங்குமுறை, பெட்டியில் இடமில்லை என்றால் உள்ளே ஒரு துண்டுச்சீட்டோ கட்டித் தொங்கவிடும் அட்டையோ வைக்கச் சொல்கிறது. அதுவும் முடியாவிட்டால் கடையில் பொருளுக்குப் பக்கத்திலேயே அறிவிப்பாக வைக்கச் சொல்கிறது. இந்தியாவிலேயே 2023 ஆகஸ்டிலிருந்து 300 மருந்துப் பெயர்களின் அட்டையில் கியூஆர் குறியீடு கட்டாயம். ஜூனியர் ஆர்ட்டிஸ்ட் கையில் பட்டியல் இல்லாவிட்டாலும் செல்போன் இருக்கிறது. டீக்கடையில் பத்து ரூபாய்க்கு அவள் ஸ்கேன் செய்கிறாள். அதே கட்டத்தைச் சாஷேவின் முதுகில் அச்சிட எவ்வளவு இடம் வேண்டும்?

அப்படி வரும்போது அது தமிழிலும் வர வேண்டும். பொட்டலப் பொருட்களுக்கான 2011ஆம் ஆண்டு விதிகள் இந்தியிலோ ஆங்கிலத்திலோ அச்சிட்டால் போதும் என்கின்றன. மற்ற மொழிகள் விருப்பம். விளம்பரம் மட்டும் நல்ல தமிழில் வருகிறது. சுவரிலும் தொலைக்காட்சியிலும் ஆசை காட்டுவது தமிழில், விவரம் சொல்வது ஆங்கிலத்தில். வேதிப்பெயர்களைத் தமிழாக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. உலகம் முழுக்க ஒரே பெயரில் இருப்பது நல்லது. ஒவ்வாமை வந்தவர் எந்த ஊரிலும் அதே பெயரைத் தேடலாம். நான் கேட்பது தமிழ் எழுத்தில் அந்தப் பெயர், பக்கத்தில் அது செய்யும் வேலை: எண்ணெய் எடுப்பது, கெடாமல் வைப்பது, மணம். எட்டாம் வகுப்பு படித்தவர் இரண்டு டப்பாவை ஒப்பிட அது போதும். மாநில மருந்துக் கட்டுப்பாட்டு இயக்ககம் தேனாம்பேட்டையில் டி.எம்.எஸ். வளாகத்தில் இருக்கிறது, எங்களுக்கு ஒரு பஸ் தூரம். விதியை மாற்றுவது டெல்லியில். ஆனால் மாற்ற வேண்டும் என்று எழுதும் முதல் கடிதம் இங்கிருந்து போகலாம். திரைத்துறைச் சங்கங்களுக்கு அந்தக் கடிதத்தில் கையெழுத்திடும் உரிமை மற்ற எவரையும்விட அதிகம். அவர்களுடைய உறுப்பினர்கள் முகத்தில் நாள் முழுக்க இருப்பது இந்தச் சரக்குதான்.

அதுவரை அந்தப் பெண்ணும் அவள் அறைத் தோழிகளும் ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறார்கள். நாலு பேர் சேர்ந்து பெரிய பாட்டில் ரிமூவர் ஒன்றும் பெரிய டப்பா மாய்ஸ்சரைசர் ஒன்றும் வாங்குகிறார்கள். பின்னால் பட்டியல் இருக்கிறது. எரிந்தால் யாருக்கு எது ஆகவில்லை என்று குறித்துக்கொள்ள முடிகிறது. பஞ்சில் ஊற்றி எடுப்பதால் பங்கு போட்டாலும் கெடுதல் இல்லை, மில்லிக் கணக்கில் விலையும் குறைகிறது. ஆனால் கண்மையை அப்படிப் பங்கு போட முடியாது. ஒருத்தி கண்ணில் தொட்டதை இன்னொருத்தி தொட்டால் கண்வலி பரவும். ஆளுக்கு ஒன்று வைத்துக்கொள்ளத்தான் வேண்டும். கடைகளில் பரவலாகக் கிடைக்கும் கண்மைக் குச்சியின் எடை 0.35 கிராம். 30 கிராம் சேர 86 குச்சிகள் வேண்டும்.